கோப்பை மூடியில் 4417

1

நான் சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டத் தொடங்கி இந்த வாரத்தோடு மூன்று வருடம் ஆகிறது. கொண்டாடலாமென்றால் கையில் கார் இல்லை. பத்து நாளாக ஆங் மோ கியோ வீட்டிலிருந்து பேருந்து பிடித்துத்தான் தேக்காவுக்குப் போய் வருகிறேன். கார் என்ன ஆச்சு என்று கோயம்புத்தூரிலிருந்து தம்பி இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டான். எங்கேயோ இடித்துவிட்டு மறைக்கிறேன் என்று அவனுக்குச் சந்தேகம். இடிக்கவில்லை. நடந்ததைப் போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவான். அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. செயலியில் கூப்பிட்டால் வருகிற கார்களை இங்கே ஓட்டுவதற்குக் குடியுரிமை வேண்டும். நான் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளனாக வந்தவன். பல வருடம் கழித்து இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டை வாங்கினேன். அது வந்த இரண்டாம் வருடம் பட்டறையில் ஆட்குறைப்பு. புதுக் குடிமகனுக்கு முதலில் கைகொடுத்தது இந்த ஸ்டியரிங்தான்.

வந்த புதிதில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை நிரப்பி வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனம் இன்றைக்கும் விடாமல் துரத்துகிறது. செயலி அதைத்தான் பயணிகளுக்குக் காட்டும். கதவைத் திறந்ததும் "மிஸ்டர் ரங்கசாமி?" என்பார்கள். "யெஸ்" என்பேன். சிங்கப்பூரைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா தினமும் பதினைந்து பேரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். குமரேசன் என்ற என் பெயரை வீட்டுக்கு வெளியே யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

2

தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் சலீம் பாயின் தண்ணிக்கடை, அதாவது தேநீர்க்கடை, கோடியில் இருக்கிறது. மதியம் இரண்டரைக்கு மேல் சவாரி குறையும். அப்போது ஓட்டுநர்கள் அங்கே வந்து கூடுவோம். கார் நிறுத்த இடம் தேடும்போதே வாட்ஸ்அப்பில் "8206, தே தாரேக்" என்று அனுப்பிவிட்டால் போதும். பாய் தேநீரைக் காகிதக் கோப்பையில் ஊற்றி, மூடி போட்டு, மூடிமேல் கறுப்புப் பேனாவால் காரின் நான்கு இலக்கத்தை எழுதி அடுக்கில் வைத்துவிடுவார். வந்தவர் தன் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதனால் எங்களுக்குள் பெயர் தேவைப்படவில்லை. "3391-க்கு முதுகு வலியாம்" என்போம். "7750 ஜொகூர் போயிருக்கார்" என்போம். மூன்று வருடம் பழகியவரின் முழுப்பெயர் தெரியாது. அவர் காரின் பின்பக்கக் கீறல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஆனால் எங்களில் பெரும்பாலானோரின் கார் சொந்தமில்லை. வாடகைக் கடையில் வார வாடகைக்கு எடுத்தவை. ஒரு கார் இன்று ஒருவரிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம். இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்த முட்டாள்தனத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

3

புதுச் சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் சங்கம் வைத்துப் பேச வழி பிறந்தது. நானும் சேர்ந்தேன். தேக்காவுக்கு வருகிறவர்களிடம் நீங்களே பேசிப் பாருங்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். சங்கத்தின் படிவம் இணையத்தில் இருந்தது. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், எந்தச் செயலிக்கு ஓட்டுகிறீர்கள் என்று நீண்டுகொண்டே போகும். அதைக் காட்டியதும் ஆட்களின் முகம் மாறும். பெயர் கொடுத்தால் சவாரி வராது என்று ஒருவர். யாரோ சொன்னார்களாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரே வேண்டாம். முதலில் கார் எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறேன், சம்மதம் என்றால் பக்கத்தில் ஒரு டிக். போதுமான ஆள் சேர்ந்த பிறகு படிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தாளில் எழுதினேன். அதிலும் தமிழில் தலைப்பு: "சங்கம், சம்மதித்தவர்கள்". தமிழில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?

சாப்பாட்டு மேசையில் வைத்து அதை எழுதிக்கொண்டிருந்தபோது மகள் யாழினி எட்டிப் பார்த்தாள். கிளமெண்டி பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்றைக்கு அதிசயமாகப் பாதித் தமிழில் பேசினாள்.

"அப்பா, திஸ் இஸ் ஆல்சோ பர்சனல் டேட்டா, யூ நோ? கார் நம்பர் வெச்சு ஆளக் கண்டுபிடிக்கலாம்."

"நம்பர்ல என்னம்மா இருக்கு? நாலு எண்ணு."

"தென் ஒய் ஆர் யூ ஹைடிங் இட்?" என்றாள்.

சோறு ஆறுகிறது, போய்ச் சாப்பிடு என்றேன்.

4

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் இருந்தபோது மறைக்கிற பேச்சே இருந்ததில்லை. சங்கக் கமிட்டிப் பெயர்களை மில் வாசலில் தகரப் பலகையில் பெயிண்ட் அடித்து எழுதியிருப்பார்கள். மூன்றாவது பெயர் ரங்கசாமி. வேலைநிறுத்தத்தின்போது அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நிர்வாகம் முதலில் ஆறு பேரைச் சஸ்பெண்ட் செய்தது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் இருந்த எல்லாருக்கும் அவர் ஏன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்திருந்தது. மளிகைக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

இங்கே நான் வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நான் விடுமுறையில் இருக்கிறேன் என்று நினைப்பார். மின்தூக்கியில் பார்த்தால் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

5

தாளில் இருபத்து மூன்று எண் சேர்ந்தது. சேராதவர்களில் ஒருவர் கமலாக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பத்தைந்து வயது. பகலில் மட்டும்தான் ஓட்டுவார். நான் தாளை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் தம்பி. சங்கத்து மேல கோவம் இல்ல. எங்கயும் எழுத்துல இருக்க எனக்கு இஷ்டமில்ல. விட்டுடு லா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

அடுத்த வாரம் என் கார் சர்வீசுக்குப் போனது. நான் வாடகைக்கு எடுத்த கடை ஊபி வட்டாரத்தில் இருக்கிறது. கடைப் பெயர் வேண்டாம். முதலாளியை லோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் நாளில் மாற்றுக் கார் ஒன்று தருவார்கள். அந்தக் கார் ஒரு நாளைக்கு ஒருவர் கையில் சுற்றும். தாளை அதன் டேஷ்போர்டில் வைத்தேன். மறுநாள் காலை காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிராங்கூன் சாலை சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோதுதான் தாளின் நினைவு வந்தது. பின்னால் பயணி இருந்தார். பச்சை விழுந்தும் நகராமல் நின்றிருக்கிறேன். "மிஸ்டர் ரங்கசாமி, ஓகே ஆ?" என்றார். ஓகே என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

அவரை இறக்கிவிட்டதும் முருகனுக்குப் போன் போட்டேன். லோவின் கடையில் மெக்கானிக். புதுக்கோட்டைப் பையன்.

"அந்த மாத்துக் கார்ல பேப்பர் ஏதாவது இருந்துச்சா முருகா?"

"ஆமாண்ணே. கழுவும்போது எடுத்தேன். என்னான்னு மொதலாளி கேட்டாரு, தமிழ்ல இருக்கே, படின்னாரு. படிச்சு இங்கிலீசுல சொன்னேன். சங்கத்துக்குச் சரின்னு சொன்னவங்க நம்பருன்னு. ஏண்ணே, உங்களுதா?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்" என்றேன்.

என் வாய் எப்படித்தான் அதைச் சொன்னது என்று இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

6

லோவுக்கும் எங்கள் சங்கத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சங்கம் பேசப்போவது செயலி நிறுவனத்திடம். ஆனால் சங்கம் என்று ஒன்று வந்தால் அடுத்து வார வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள் என்பது அவர் பயம். ஒப்பந்தப்படி வாடகை வாரம் முடியும் வெள்ளிக்கிழமையோடு யாருடைய காரையும் அவர் திரும்பக் கேட்கலாம்.

தாளில் இருந்த எண்களில் அவர் கடைக் கார் ஒன்றே ஒன்றுதான். 4417. என் எண்ணை நான் எழுதிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் வேறு கடைகளில் எடுத்தவர்கள். 4417 என்றால் எனக்குப் பாஸ்கரன். ஒரு மாதத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன், நான் சரி, வெளிய தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருக்குத்தான் ஆபத்து என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் கமலாக்காவின் குரல் பதிவு வந்தது.

"லோ கடையில வெள்ளிக்கிழமைக்குள்ள காரத் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க. என் நம்பரு சங்கத்து லிஸ்ட்ல இருக்காம். நான் யாருக்கும் சரின்னு சொல்லல. யாரு என் நம்பரக் குடுத்தீங்க? இந்தக் காரே ரெண்டு வாரத்துக்கு முந்திதான் மாத்துனேன். ஏன் மாத்துனேன்னு தெரியுமா? ஒரு பேசெஞ்சர், ஆப்புல என் பேரு, போட்டோ, கார் நம்பரு எல்லாம் பாத்து வெச்சுக்கிட்டு எங்க புளோக் கார்ப்பார்க் வரைக்கும் வந்துட்டான். மூணு நாள் என் கார் பக்கத்துலயே நின்னான். போலீசுக்குச் சொல்லிட்டு, லோ கிட்டக் கெஞ்சி வேற கார் வாங்குனேன். வாங்குன கார் 4417. இப்ப அந்த நம்பரும் போச்சு."

சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அதை மூன்று தடவை கேட்டேன்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, பாஸ்கரன் அதே கடையில் புது ஹைபிரிட் காருக்கு மாறிவிட்டிருந்தார். அவர் விட்ட கார் கமலாக்காவுக்குப் போயிருந்தது. பத்து நாளாகச் சலீம் பாய் 4417 என்று எழுதும் கோப்பையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ ஊற்றுவதை நான் பார்த்திருந்தேன். பாஸ்கரன் எப்போதும் இரண்டு மடங்கு சர்க்கரை கேட்பவர். பாவம், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று கை நீட்டித் தடுத்த ஒரே ஆள் என் தாளில் டிக்கோடு இருந்தார்.

குழுவில் யாரும் பதில் போடவில்லை. நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. அதில் என்னுடையதும் ஒன்று.

7

புதன்கிழமை முழுவதும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க முடிச்சு இறுகியது. லோவிடம் போய் "அது கமலா இல்லை" என்றால் அப்படியானால் யார் என்பார். "பழைய 4417" என்று சொன்னாலே போதும், அவர் கணினியில் பார்த்துப் பாஸ்கரனைக் கூப்பிடுவார். போன மாதம் எழுதிய பட்டியல் என்று சொன்னாலும் அதே கதிதான். உண்மையின் எந்தத் துண்டைச் சொன்னாலும் ஒருவர் கார் போகும்.

வியாழக்கிழமை காலை செயலியை அணைத்துவிட்டு ஊபிக்குப் போனேன். லோ கண்ணாடி அறைக்குள் இருந்தார். தாள் மேசைமேல் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"அந்தத் தாள் என்னுடையது" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்படியானால் கமலாவுக்கு ஏன் டிக் போட்டாய்? அவள் சரி என்றாளா?"

"யாருமே சரி என்று சொல்லவில்லை. எல்லாம் நானே எழுதியது."

"என்னது?"

"தேக்காவில் தண்ணிக்கடையில் கோப்பை மூடியில் கார் நம்பர் எழுதியிருக்கும். அடுக்கில் இருந்த நம்பரையெல்லாம் பார்த்து எழுதினேன். சங்கத்தில் நிறைய ஆள் பிடித்த மாதிரி காட்ட வேண்டும் என்று. எந்த நம்பர் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது."

இப்படி ஒரு பொய் எனக்குள் இருந்தது என்று அதைச் சொல்லும்வரை தெரியாது. லோ மேசைக் கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்து, எண்களை விரலால் தடவிப் பார்த்தார். முருகன் கதவருகே துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

"உன் சங்கத்தையே ஏமாற்றினாயா?" என்று லோ சிரித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"கமலா வைத்துக்கொள்ளட்டும். நீ உன் காரை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடு."

தாளைக் கேட்டேன். கொடுத்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கிழித்தேன். கிழித்ததைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எறிந்தேன். அந்த வட்டாரத்துக் குப்பைத்தொட்டியைக்கூட எனக்கு நம்ப முடியவில்லை.

அன்று மாலையே கமலாக்காவைத் தேக்கா கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். அவரிடம் பொய் சொல்லவில்லை. தாள், மாற்றுக் கார், முருகனிடம் இல்லையென்று சொன்னது, இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டேன்.

"உங்க நம்பரை நான் எழுதல அக்கா. அது நீங்க அந்தக் கார எடுக்கறதுக்கு முந்தி இருந்த..."

"நிறுத்து" என்றார். "அது யாருன்னு நான் கேக்கல. சொல்லாத."

காரின் மேல் கையை வைத்தார்.

"அவன் என் கார் பக்கத்துல நின்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா தம்பி? நான் ஒண்ணுமே செய்யல, ஆனா எல்லாம் அவன் கையில இருக்கு. லோ கூப்பிட்டப்பவும் அதேதான். நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அவனும் நீயும் ஒண்ணு இல்ல. ஆனா எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8

வெள்ளிக்கிழமை காரை ஒப்படைத்தேன். பிறகு மூன்று நாள் அந்த இருபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். உங்கள் எண் என் கையிலிருந்து தவறிப்போய் வேறொருவர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். பாஸ்கரன் கோபப்பட்டார். ஆனால் விலகவில்லை. ஆறு பேர் விலகினார்கள். அதில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மற்றவர்கள் இப்போது அவரவர் கைப்பேசியில், அவரவர் விரலால், விருப்பமிருந்தால் படிவத்தை நிரப்புகிறார்கள். நான் பக்கத்தில்கூட நிற்பதில்லை.

யாழினியிடமும் சொன்னேன். நான் சொன்னேன்ல என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "ஸோ, யூ டிடின்ட் டெல் ஹிம் த நேம்?" என்றாள். இல்லை என்றேன். "குட் பா" என்று என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

முருகன் வழியாக என் பொய் எனக்கு முன்னாலேயே தேக்காவுக்கு வந்து சேர்ந்திருந்தது. கோப்பையைப் பார்த்து நம்பர் திருடினவன் என்று எனக்குப் பெயர். உண்மை தெரிந்தவர்கள் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் தாங்கள் சம்மதித்தது வெளியே வரும். சங்கத்திலும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. தேக்கா வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று மதியம் பேருந்திலிருந்து இறங்கிச் சலீம் பாயின் கடைக்குப் போனேன். கையில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் என் கோப்பையைப் பார்த்தார்.

"கார் இல்லியே. நம்பர் இல்லாம என்னத்த எழுதறது?"

பின்னாலிருந்து குரல் வந்தது. கமலாக்கா. அன்று கார் நிறுத்துமிடத்தில் பார்த்ததற்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன்.

"அவரு பேர எழுதுங்க பாய். குமரேசன். இனிமே அவருக்கு மறைக்க என்னா இருக்கு?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. பாய் மூடிமேல் பெரிதாக எழுதி அடுக்கில் வைத்தார். அடுத்து அக்காவின் தே ஓவுக்கு மூடி போட்டுப் பேனாவைக் கொண்டுபோனார்.

"என்னோடதுல ஒண்ணும் எழுதாதீங்க" என்றார் அவர். "நானே பாத்து எடுத்துக்கறேன்." காசைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுக்கில் ஒன்பது கோப்பைகள் இருந்தன. ஏழில் எண்கள், ஒன்றில் என் பெயர், ஒன்றில் ஒன்றுமில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். எழுதாத கோப்பை யாருடையது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் திரும்பி வரும்வரை யாரும் அதைத் தொடவில்லை.